பணம் கட்டும் முன் ஸ்டோரிபோர்டு: ஆன்லைன் பாட வடிவமைப்பு, கேள்வி–பதில்

உயர்கல்வியில் ஆன்லைன் பாடம் தயாரிக்கும் வேலைகள் பற்றி தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில்.

எம்.எஸ்சி. தாவரவியல், பி.எட். முடித்திருக்கிறேன். இன்ஸ்ட்ரக்‌ஷனல் டிசைனர் (பாட வடிவமைப்பாளர்) ஆக ஆசை. முதலில் மல்டிமீடியா கோர்ஸில் சேரச் சொல்கிறார்கள். சேரலாமா?
– வாசகி, பென்னாகரம்

பணம் கொஞ்ச நாள் பையிலேயே இருக்கட்டும். இந்த வேலையில் சாஃப்ட்வேர் மூன்றாவதாகத்தான் வருகிறது. பாடம் முடிந்ததும் மாணவர் எதைச் செய்துகாட்ட வேண்டும் என்பது முதல் கேள்வி. அதை எப்படிச் சோதிப்பது என்பது இரண்டாவது. இவை தெளிந்த பிறகுதான் வீடியோவா, படமா, அனிமேஷனா என்ற பேச்சு. பி.எட்.டில் தேர்வுக்காக மனப்பாடம் செய்தீர்களே புளூமின் வகைப்பாடு (கற்றல் நோக்கங்களைப் படிபடியாகப் பிரிப்பது; 1956-ல் வந்தது, 2001-ல் திருத்தப்பட்டது), அது இங்கே அன்றாடம் கையில் எடுக்கும் கருவி.

உங்கள் பாடத்திலேயே பார்ப்போம். ‘மாமரத்தில் வரும் ஆந்த்ராக்னோஸ் நோயைப் பற்றி அறிந்துகொள்வர்’ என்று நோக்கம் எழுதினால், அறிந்தார்களா என்று எதை வைத்துச் சொல்வது? ‘இலையைப் பார்த்து, ஆந்த்ராக்னோஸா கரும்பூஞ்சணமா என்று காரணத்தோடு பிரித்துச் சொல்வர்’ என்று எழுதுங்கள், கேள்வி தானாக வந்து நிற்கும்: மா இலைமேல் கறுப்பாகப் படிந்திருக்கிறது. ஈரத்துணியால் துடைத்தால் வந்துவிடுகிறது. இது எது? விடை, கரும்பூஞ்சணம். தத்துப்பூச்சி கழிக்கும் இனிப்புத் திரவத்தின்மேல் வளர்வது. இலையின் மேற்பரப்போடு நின்றுவிடும். ஆந்த்ராக்னோஸ் இலைத் திசுவையே கருக்கும், துடைத்தால் போகாது. விடையை மாற்றிச் சொன்ன மாணவருக்கு ‘தவறு, மீண்டும் முயலவும்’ என்று மட்டும் காட்டாதீர்கள். ‘கறை துணியோடு வந்துவிட்டதே, திசு கருகியிருந்தால் வருமா?’ என்று காட்டுங்கள். தவறான விடைகளுக்கு எழுதும் இந்த வரிகளில்தான் உங்கள் கை தெரியும்.

ஸ்டோரிபோர்டு என்பது பாடம் திரைதிரையாக எப்படி வரும் என்ற எழுத்துத் திட்டம். அதற்கு வேர்டில் ஐந்து பத்தி உள்ள அட்டவணை போதும்: திரை எண், திரையில் வரும் எழுத்து, குரல், படம், டெவலப்பருக்கு (பாடத்தைக் கணினியில் உருவாக்குபவருக்கு) குறிப்பு. தமிழில் நிதானமாகப் பேசினால் நிமிடத்துக்கு 90 முதல் 100 சொல் வரை வரும். 5 நிமிட வீடியோவுக்கு 700 சொல் எழுதினால் குரல் கொடுப்பவர் மூச்சிரைக்க ஓடுவார். புதியவர்கள் அதிகம் செய்யும் பிழை, குரலில் சொல்வதையே திரையிலும் முழு வாக்கியமாகப் போடுவது. கண் முன்னே ஓடும், காது பின்னே வரும், இரண்டும் இடித்துக்கொள்ளும். திரையில் படமும் இரண்டு மூன்று சொல்லும் இருந்தால் போதும்.

20 திரை ஸ்டோரிபோர்டு ஒன்று, அதிலிருந்து 3 நிமிட வீடியோ, பத்துக் கேள்விகள். விண்ணப்பத்தோடு இவற்றை அனுப்புங்கள். திரைப்பதிவுக்கு ஓபிஎஸ், கேள்விகளுக்கு எச்5பி, இரண்டும் இலவசம். பாடம் உருவாக்கும் சாஃப்ட்வேரான ஸ்டோரிலைன் 30 நாள் இலவசமாகக் கிடைக்கும். ஸ்டோரிபோர்டை முடித்த பிறகு அதை இறக்குங்கள். முதல் நாளே இறக்கிவிட்டு, 25 நாள் யோசித்துக்கொண்டே இருப்பவர்கள்தான் நிறைய.

உதவிப் பேராசிரியர் நான். கல்லூரியின் ஆன்லைன் பாடத் தளமான மூடிலையும் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள். ஸ்கார்ம் ஃபைலை (இத்தகைய தளங்களில் ஏற்றும் பாடத் தொகுப்பை) ஏற்றினால் ‘மேனிஃபெஸ்ட் இல்லை’ என்கிறது. ஏறிய பாடத்திலும் பாதியில் விட்ட மாணவர் திரும்பி வந்தால் முதல் திரைக்கே போய்விடுகிறது.
– வாசகர், ஓசூர்

முதலாவது, ஜிப் செய்த விதத்தில் வந்த கோளாறு. ஏதோ திருத்துவதற்காக ஜிப்பைப் பிரித்திருப்பீர்கள். பிறகு வெளி ஃபோல்டரையே மறுபடி ஜிப் செய்திருப்பீர்கள். அப்போது, பாடத்தில் என்னென்ன இருக்கிறது என்று சொல்லும் ‘ஐஎம்எஸ்மேனிஃபெஸ்ட்’ என்ற ஃபைல் ஒரு படி உள்ளே போய்விடும். மூடில் முதல் படியில் மட்டும் தேடும். ஃபோல்டருக்குள் நுழைந்து, உள்ளே இருப்பதை எல்லாம் தேர்ந்தெடுத்து ஜிப் செய்யுங்கள். ஜிப்பைத் திறந்ததும் அந்த ஃபைல் எடுத்த எடுப்பில் கண்ணில் பட வேண்டும்.

இரண்டாவது, ஸ்கார்ம் 1.2-ன் வரம்பு. மாணவர் எங்கே விட்டார் என்ற குறிப்பைச் சேமிக்க அதில் 4,096 எழுத்துக்குத்தான் இடம். 60, 70 திரை, திரைக்கு நாலு பட்டன் என்று போனால் நிரம்பிவிடும். அதன் பிறகு சேமிப்பு நின்றுபோகும். பாடத்தை மூன்று நான்கு துண்டாக உடைப்பதே நல்ல வழி, மாணவருக்கும் அதுதான் சுகம். மூடிலின் ஸ்கார்ம் அமைப்பில் ‘ஸ்டாண்டர்ட்ஸ் மோட்’ என்பதை நிறுத்தினாலும் வரம்பு தளரும்.

நீங்கள் கேட்காத ஒன்று: பெரிய ஃபைல் ஏறவே மறுத்தால் சர்வரின் பிஎச்பி (மூடிலை இயக்கும் நிரல்மொழி) அமைப்பைப் பாருங்கள். மாற்றாமல் விட்டால் ஒரு ஃபைலுக்கு 2 எம்பி, மொத்தப் பதிவேற்றத்துக்கு 8 எம்பிதான். இரண்டு வரம்பையும் உயர்த்துங்கள். ஆனால் வீடியோவை ஸ்கார்முக்குள் திணிக்காதீர்கள். விநாடிக்கு 500 கிலோபிட் அளவில் சுருக்கினால் 5 நிமிட வீடியோ சுமார் 19 எம்பியில் அடங்கும். அஞ்செட்டி, சித்தேரி மலைப்பக்கத்து மாணவர் அதையே திணறித் திணறித்தான் இறக்குவார்.

எங்கள் பக்கத்துக் கல்லூரிகளில் இந்த வேலைக்குப் பதவி இருக்கிறதா?
– வாசகர், காவேரிப்பட்டினம்

அந்தப் பெயரில் தேடினால் பெரும்பாலும் கிடைக்காது. இணைப்புக் கல்லூரி தன் பெயரில் ஆன்லைன் பட்டம் தர முடியாது. அது பல்கலைக்கழகத்தின் வேலை. அங்கேதான் பாட ஒருங்கிணைப்பாளர், வீடியோ பதிவு–எடிட்டிங், எல்எம்எஸ் (மூடில் போன்ற பாடத் தளம்) நிர்வாகம் என்று ஆள் எடுப்பார்கள். சென்னையில் அண்ணா பல்கலைக்கழகத்தின் கல்வி மல்டிமீடியா மையத்திலும், மத்திய அரசின் ஆன்லைன் பாடத் தளமான ‘ஸ்வயம்’ பாடம் தயாரிக்கும் பேராசிரியர்களின் திட்டங்களிலும் ஒப்பந்த வேலைகள் வரும். ஸ்வயம் பாடத்துக்கு நான்கு பகுதி கட்டாயம்: வீடியோ, எழுத்துப் பாடம், விவாதத் தளம், மதிப்பீடு. பின் இரண்டையும் எழுதத் தெரிந்தவர்கள் குறைவு. அங்கே நுழைவது எளிது.

உள்ளூரிலேயே அனுபவம் வேண்டுமானால் கல்லூரியின் என்பிடெல் (ஐஐடிகள் ஸ்வயம் வழியாகப் பாடம் தரும் திட்டம்) கிளையில் உதவுங்கள். 2021 முதல் ஒரு செமஸ்டரின் பாடங்களில் 40 சதவீதம் வரை ஸ்வயம் வழியாகப் படிக்க யுஜிசி இடம் தருகிறது. மாணவர்கள் விழும் குழி எங்கே என்று அங்கே தெரியும்: என்பிடெல் பாடத்தில் அசைன்மென்ட்டுக்கு 25 மதிப்பெண், தேர்வுக்கு 75. அசைன்மென்ட்டில் 10, தேர்வில் 30, இரண்டையும் தனித்தனியே தாண்ட வேண்டும். 12 வாரப் பாடத்தில் சிறந்த 8 அசைன்மென்ட்டைத்தான் எடுப்பார்கள். ‘தேர்வில் பார்த்துக்கொள்ளலாம்’ என்று அசைன்மென்ட்டை விட்டவர், 75-க்கு 60 வாங்கினாலும் சான்றிதழ் வராது.

ஓசூர்க்காரர்களுக்கு அத்திப்பள்ளி தாண்டிவிட்டால் பெங்களூருவின் நிறுவனங்கள் இருக்கின்றன. அங்கே பெரும்பாலும் கம்பெனிப் பயிற்சிப் பாடங்கள். ஆங்கிலத்தில் எழுதத் தெரிய வேண்டும்.

வீட்டிலிருந்தே செய்யலாம் என்று ஒரு விளம்பரம். நிமிடத்துக்கு இவ்வளவு என்கிறார்கள், முன்பணமும் கேட்கிறார்கள்.
– வாசகி, ஊத்தங்கரை

முன்பணம் கேட்டாலே விட்டுவிடுங்கள். வேறு இடத்தில் ‘நிமிடத்துக்கு’ என்றால், அது முடிந்த வீடியோவின் நிமிடமா, மாணவர் பாடத்தில் செலவிடும் நிமிடமா என்று எழுத்தில் வாங்குங்கள். திருத்தம் இரண்டு முறை, அதற்குமேல் தனிக்கூலி என்பதையும் சேருங்கள். சோதனைக்காக மூன்று, நான்கு திரை இலவசமாகச் செய்து தரலாம். முழுப் பாடமே கேட்டால் அது சோதனை இல்லை.

பேராசிரியர் தரும் வேர்டு ஃபைல் அவர் கணினியில் தமிழாக இருக்கிறது. மூடிலில் ஒட்டினால் ஆங்கில எழுத்துகளாக மாறிவிடுகிறது.
– வாசகர், பாப்பிரெட்டிப்பட்டி

பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்தது. ஆங்கில எழுத்தின்மேல் தமிழ் உருவத்தைப் போர்த்தியதுதான் அது. எழுத்துரு இல்லாத இடத்தில் போர்வை கழன்றுவிடும். எழுத்துரு மாற்றியில் போட்டு, எல்லாக் கணினியிலும் தமிழாகவே தெரியும் யூனிகோடாக்குங்கள். நடுவில் நிஜமாகவே ஆங்கிலத்தில் அடித்த சொற்களும் அப்போது தமிழ் எழுத்துக் குவியலாகும், அதனால் அவற்றை முன்பே குறித்து வையுங்கள். கோடிட்ட இடத்தை நிரப்பும் கேள்விகளில் ‘நீர்ப்பாசனம்’, ‘நீர் பாசனம்’ இரண்டையும் சரியான விடையாகப் பதியுங்கள். ஒற்று விட்டதற்குத் தாவரவியலில் மதிப்பெண் குறைந்தால் மாணவர் உங்களைத்தான் தேடி வருவார்.