வீட்டுப் பூனையை நலமாக வளர்க்க உணவும் பாசமும் போதுமா?

போதாது என்பதே என் பதில். நீங்கள் அண்மையில்தான் ஒரு பூனையை வீட்டில் சேர்த்திருக்கிறீர்கள் என்றும், சுற்றி இருப்பவர்கள் 'பூனைதானே, அது தன்னைத்தானே பார்த்துக்கொள்ளும்' என்று சொல்லியிருப்பார்கள் என்றும் எடுத்துக்கொண்டு எழுதுகிறேன். அந்தப் பேச்சைக் கேட்டுக் கேட்டு எனக்குச் சலித்துவிட்டது. பூனை தன் உடம்பைத் தானே நக்கிச் சுத்தம் செய்துகொள்கிறது, கழிவைத் தானே மூடுகிறது, பகலெல்லாம் தனியாகத் தூங்குகிறது. இவற்றைப் பார்த்துவிட்டு அதற்கு நம் துணையே வேண்டாம் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். நோயை மறைப்பதிலும் பூனை அதே அளவுக்குக் கெட்டிக்காரப் பிராணி என்பதை யாரும் சொல்வதில்லை. அது அழுது காட்டாது. சற்றே ஒதுங்கும், சற்றே குறைவாகச் சாப்பிடும், தாவி ஏறும் இடத்தில் ஒரு கணம் தயங்கும். அந்தச் சிறு மாறுதலைக் கண்டுகொள்வதுதான் பூனை வளர்ப்பு. அதற்கு மிகவும் உதவுவது யாரும் பார்க்க விரும்பாத ஓர் இடம், அதாவது அது சிறுநீரும் மலமும் கழிக்கும் மணல் தட்டு.

எங்கள் வீட்டில் இருப்பது கருத்தடை செய்யப்பட்ட ஆண் பூனை. அதன் மணல் தட்டைக் காலையிலும் மாலையிலும் நானே சலித்துச் சுத்தம் செய்வேன். ஈரம் பட்டால் இறுகும் மணல் என்பதால், சிறுநீர் கழித்த இடமெல்லாம் கட்டிகளாகக் கிடைக்கும். வழக்கமான கட்டி எலுமிச்சம்பழ அளவுக்கு இருக்கும். ஒருநாள் மாலையில் சலித்தபோது கையில் வந்தவை சுண்டுவிரல் நகம் அளவேயான சில துணுக்குகள் மட்டுமே. அதன்பின் பூனையைக் கவனித்தேன். தட்டுக்குள் போய் நெடுநேரம் குந்தியிருந்தது, ஒன்றும் வராமல் வெளியே வந்தது, வாலுக்கு அடியில் விடாமல் நக்கியது, மறுபடியும் தட்டுக்கே போனது. இடையே, அதுவரை அதனிடம் நான் கேட்டிராத ஒரு தாழ்ந்த முனகல் வந்தது. 'மலச்சிக்கலாக இருக்கும், காலையில் சரியாகிவிடும்' என்றார்கள் வீட்டில். மருத்துவமனைக்குத் தொலைபேசியில் அழைத்தால், எடுத்தவர் 'சாப்பிட்டதா?' என்று மட்டும் கேட்டுவிட்டு, மறுநாள் மாலைக்கு நேரம் ஒதுக்கினார். ஆண் பூனை, சிறுநீர் வரவில்லை, காத்திருக்க முடியாது என்று சொல்லிவிட்டு, அப்போதே கூடையில் வைத்துத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன்.

மருத்துவர் அதன் அடிவயிற்றைத் தொட்டதுமே முகம் மாறினார். சிறுநீர்ப்பை நிரம்பிக் கல்லைப் போல இறுகியிருந்தது. ஆண் பூனைக்குச் சிறுநீர் வெளியேறும் குழாய் மிகக் குறுகலானது. நுண்ணிய படிகங்களும் சளி போன்ற கசடும் சேர்ந்து அதை அடைத்துவிடக்கூடும். அடைத்துக்கொண்டால் சிறுநீரகங்கள் வேலை செய்ய முடியாமல் திணறும், இரத்தத்தில் பொட்டாசியம் ஏறும், அது இதயத் துடிப்பைக் குலைக்கும். கவனிக்காமல் விட்டால் ஓரிரு நாட்களிலேயே உயிர் போகலாம். மயக்க மருந்து கொடுத்து, மெல்லிய குழாயைச் செலுத்தி அடைப்பை நீக்கினார்கள். பூனை பிழைத்தது. நான் மணல் தட்டைப் பார்த்து வந்ததால்தான் பிழைத்தது என்று சொல்லிக்கொள்வதில் எனக்குப் பெருமைதான். அதைத் தற்பெருமை என்று யாராவது நினைத்தால் நினைக்கட்டும்.

இன்னும் ஆறாத ஒரு குறை எனக்கு உண்டு. மருத்துவர்கள்மேல் அல்ல, அவர்கள் அருமையாகக் கவனித்தார்கள். விலங்கு மருத்துவமனைகளில் தொலைபேசியை எடுப்பவர்களுக்கு ஒரே ஒரு கேள்வியைக் கற்றுக்கொடுத்திருந்தால் போதும்: 'ஆண் பூனையா, சிறுநீர் போகிறதா?' அந்தக் கேள்வி கேட்கப்படாமல், மறுநாள் வரை காத்திருந்து பூனையை இழந்தவர்கள் எத்தனை பேர் இருப்பார்களோ என்று நினைத்தால் இப்போதும் கோபம் வருகிறது.

நான் மருத்துவர் அல்லர். நான் எழுதுவது சிகிச்சைக் குறிப்பும் அல்ல. ஆனால் அந்த நிகழ்வுக்குப் பிறகு மருத்துவர் சொன்னபடி எங்கள் வீட்டில் செய்த மாற்றங்கள் எந்தப் பூனைக்கும் பொருந்தும். பூனையின் மூதாதையான ஆப்பிரிக்கக் காட்டுப்பூனை வறண்ட நிலத்தில் வாழ்ந்தது; இரையின் உடலில் இருந்தே பெரும்பகுதி நீரைப் பெற்றது. அதனால் இன்றைய வீட்டுப் பூனைக்கும் தாக உணர்வு குறைவு. உலர் தீவனத்தில் நீர் பத்தில் ஒரு பங்குதான். ஈர உணவிலோ முக்கால் பங்குக்கு மேல் நீர் இருக்கும். ஈர உணவைச் சேர்ப்பதும், மணல் தட்டிலிருந்து தள்ளி இரண்டு மூன்று இடங்களில் அகன்ற கிண்ணத்தில் தண்ணீர் வைப்பதும் உண்மையிலேயே பயன் தரும். மணல் தட்டுகள் பூனைகளின் எண்ணிக்கையைவிட ஒன்று கூடுதலாக இருப்பது நல்லது. மன அழுத்தமும் சிறுநீர்ப்பை அழற்சியைத் தூண்டும் என்பதால், வீட்டுச் சாமான்களை இடம் மாற்றும்போதும் புதியவர்கள் வந்து தங்கும்போதும் பூனை ஒதுங்கிக்கொள்ள ஓர் அமைதியான மூலை வேண்டும்.

உணவைப் பற்றிப் பேசினால் சிலர் சண்டைக்கு வருவார்கள். இருந்தாலும் சொல்லியாக வேண்டும். பூனை இறைச்சியுண்ணி. டாரின் என்ற சத்தைத் தன் உடலில் போதிய அளவு உருவாக்கிக்கொள்ள அதனால் முடியாது; அது இறைச்சியிலிருந்துதான் வர வேண்டும். டாரின் குறைந்தால் விழித்திரை கெட்டுப் பார்வை போகும், இதயத் தசையும் தளரும். இந்த இதய நோய்க்கும் டாரின் குறைவுக்கும் உள்ள தொடர்பை 1987இல் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாக ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். நாய்த் தீவனத்தையோ, நமக்குப் பிடித்த மரக்கறி உணவையோ மட்டும் கொடுத்து வளர்ப்பது பூனைக்குச் செய்யும் கேடு. உங்கள் உணவுக் கொள்கையை நான் குறை சொல்லவில்லை, அது உங்களுக்கானது. பாலும் வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குச் செரிக்காது. பூனை ஒரு முழு நாள் எதையும் தொடாமல் இருந்தால் 'பசித்தால் தின்னும்' என்று விட்டுவிடாதீர்கள். பட்டினி தொடர்ந்தால், குறிப்பாகப் பருத்த பூனைக்கு, கல்லீரலில் கொழுப்பு படிந்து உயிருக்கே ஆபத்தாகும்.

வீட்டுக்குள் இருக்கும் ஆபத்துகளில் நான் மிகவும் அஞ்சுவது நம் மருந்துப் பெட்டியைத்தான். பாரசிட்டமாலைச் சிதைத்து வெளியேற்றும் போதிய திறன் பூனையின் கல்லீரலுக்கு இல்லை. ஒரே மாத்திரை உயிரைக் குடித்துவிடும். நாய்களுக்கான உண்ணி மருந்துகள் சிலவற்றில் உள்ள பெர்மெத்ரின் பூனைக்கு வலிப்பை உண்டாக்கும். லில்லி மலர்களின் மகரந்தத்தை உடம்பிலிருந்து நக்கினாலும், அந்தச் சாடித் தண்ணீரைக் குடித்தாலும் சிறுநீரகம் பழுதாகும். நூலை விழுங்கிய பூனையின் வாயிலோ பின்புறத்திலோ நுனி தெரிந்தால் இழுக்காதீர்கள், குடல் அறுந்துவிடும். மாடி வீடாக இருந்தால் சன்னல்களுக்கு வலை அடியுங்கள்.

வீட்டுக்குள்ளேயே வைத்திருப்பது கொடுமை என்பவர்களின் வாதத்தை நான் ஒதுக்கிவிடவில்லை. வெறும் நான்கு சுவர்களுக்குள் அடைத்தால் அது கொடுமைதான். ஏறி உட்கார உயரமான இடம், வெளியைப் பார்க்க ஒரு சன்னல் திட்டு, நகம் கீற ஒரு கட்டை, நாள்தோறும் விளையாட்டு ஆகியவை இருந்தால் அப்படி ஆகாது. கயிற்றில் கட்டிய இறகு, மெத்தைக்குப் பின்னால் மறையும்போதுதான் எங்கள் பூனை பாய்கிறது. முதலில் தலையைத் தாழ்த்தும், கருவிழி விரியும், பின்பக்கம் இருபுறமும் அசையும், பிறகே தாவும். கண்முன் ஆட்டினால் திரும்பியும் பார்க்காது. ஓடி ஒளியும் இரையைத்தான் அதற்குப் பிடிக்கும். இறுதியில் இறகைப் பிடிக்கவிட்டு உடனே உணவு வைத்தால், தின்று, நக்கி, நிம்மதியாகத் தூங்கிவிடும்.

தடுப்பூசி, கருத்தடை ஆகியவற்றை உங்கள் மருத்துவரே சொல்லிவிடுவார் என்பதால் விரிக்கவில்லை. அவர் சொல்லாமல் விடக்கூடியவை இரண்டு. எடுத்துச்செல்லும் கூடையை ஒளித்து வைக்காமல், துணி விரித்துத் திறந்தபடியே அறையில் வையுங்கள். அதில் தூங்கிப் பழகிய பூனையை அவசரத்தில் துரத்திப் பிடிக்க வேண்டியிருக்காது. இரவில் திறந்திருக்கும் விலங்கு மருத்துவமனை எது என்பதைப் பூனை நன்றாக இருக்கும்போதே விசாரித்து, தொலைபேசி எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.