கடைக் கோனில் கை பழகாது

கேள்வி: ஆறு மாதமாக வீடியோ பார்த்து, கடையில் வாங்கும் கோனில் மெஹந்தி பழகுகிறேன். கோடு நடுங்குகிறது. நிறம் ஒருவருக்குச் சிவக்கிறது, இன்னொருவருக்கு ஆரஞ்சோடு நின்றுவிடுகிறது. கல்யாண ஆர்டர் எப்போது எடுக்கலாம்? – திண்டுக்கல் வாசகி

உங்கள் இரண்டு குறைகளுக்கும் பாதிக் காரணம் அந்தக் கடைக் கோன். உள்ளே என்ன இருக்கிறது, எப்போது கலந்தது என்று தெரியாத பேஸ்ட்டை வைத்துக்கொண்டு கையைக் குறை சொல்வதில் பயனில்லை. டிசைனைச் சில வாரம் ஒதுக்கிவிட்டு, பேஸ்ட் கலக்கப் பழகுங்கள்.

தலைக்குத் தேய்க்கும் பொடி வேண்டாம். அதன் நார் கோன் முனையை அடைக்கும். கைக்கென்றே நுண்ணியதாகச் சலித்த, வேறெதுவும் கலக்காத பொடி வேண்டும். ராஜஸ்தானின் சோஜத் பகுதிப் பொடிக்கு இதில் நல்ல பெயர். 50 கிராம் பொடிக்குச் சர்க்கரை 12 முதல் 15 கிராம், லாவெண்டர் எண்ணெய் 15 மி.லி., தண்ணீரோ எலுமிச்சைச் சாறோ 130 முதல் 150 மி.லி. திரவத்தை ஒரேயடியாக ஊற்றாதீர்கள். முதலில் கெட்டியாகப் பிசைந்து மூடி வைத்து, சாயம் இறங்கிய பிறகு மீதியை விட்டுத் தளர்த்தினால் கட்டி தட்டாது. மழைக்காலத்தில் சர்க்கரையைக் குறைக்க வேண்டும். அது ஈரத்தை இழுத்து, போட்ட கோட்டை வழியவிடும்.

நம் ஊர் வெயிலில் 6 முதல் 10 மணி நேரத்தில் சாயம் இறங்கிவிடும். மேற்பரப்பு பழுப்பாகி, கிளறினால் உள்ளே பச்சை தெரியும். உள்ளங்கையில் ஒரு பொட்டு வைத்து 5 நிமிடம் கழித்துத் துடைத்துப் பாருங்கள். பளிச்சென்ற ஆரஞ்சு தெரிந்தால் தயார். நைலான் துணியில் வடிகட்டிக் கோனில் அடைத்து, உடனே ஃப்ரீசரில் வைத்துவிடுங்கள். வெளியே இரண்டு நாள் கிடந்தாலே வீரியம் போய்விடும். உங்கள் 'ஆரஞ்சோடு நின்ற' கைகளில் பல இப்படித்தான் வந்திருக்கும்.

இனி கோடு. கோன் முனை தோலைத் தொடக் கூடாது. கோடு தொடங்கும் இடத்தில் பேஸ்ட்டை மட்டும் ஒட்டவைத்து, இரண்டு மூன்று மில்லிமீட்டர் தூக்கி, பேஸ்ட் நூலாக விழ விழக் கையை நகர்த்தி, முடியும் இடத்தில் இறக்குங்கள். சுண்டுவிரல் எப்போதும் எதிராளியின் கையில் ஊன்றியிருக்கட்டும். நூல் அறுந்தால் பேஸ்ட் கெட்டி, அல்லது அழுத்தத்தைவிடக் கை வேகம். புழு மாதிரி நெளிந்தால் அழுத்தம் அதிகம். விழுந்த கோடு பரந்தால் பேஸ்ட் நீர்த்திருக்கிறது. அக்ரிலிக் தகட்டின் அடியில் அச்செடுத்த டிசைனை வைத்து மேலே போட்டு, வழித்து, மறுபடி போடுங்கள். நேர்கோடு, வளைவு, துளி, ஒரே அளவுப் புள்ளி. சலிப்பான வேலைதான், ஆனால் மயிலும் மாங்காயும் இவற்றால்தான் ஆனவை.

பேஸ்ட் 6 மணி நேரமாவது கையில் இருக்க வேண்டும். பிறகு உதிர்க்கலாம், கழுவக் கூடாது. அடுத்த 12 மணி நேரம் தண்ணீரே படாதது நல்லது. உதிர்த்ததும் ஆரஞ்சாகத்தான் இருக்கும், இரண்டு நாளில் கருஞ்சிவப்பாகும். அதனால் மணப்பெண்ணுக்கு முகூர்த்தத்துக்கு இரண்டு நாள் முன்பே போடுங்கள். புறங்கையில் தோல் மெல்லியது, உள்ளங்கை அளவுக்குச் சிவக்காது. இதை முன்பணம் வாங்கும்போதே சொல்லிவிடுங்கள், பின்னால் பேச்சு வராது.

பத்து நிமிடத்தில் கறுக்கும் கோனைத் தொடவே தொடாதீர்கள். அந்தக் கறுப்பு பெரும்பாலும் முடிச்சாயத்தில் போடும் பிபிடி என்ற ரசாயனம். கொப்புளம் வரும், தழும்பு நிற்கும், சிலருக்குப் பிறகு வாழ்நாள் முழுக்க தலைச்சாயமே ஒத்துக்கொள்ளாது. இயற்கை மருதாணியும் ஜி6பிடி என்ற நொதிக் குறைபாடு பிறவியிலேயே உள்ளவர்களுக்கு ஆகாது, ரத்தச் சிவப்பணுக்களை உடைத்துவிடும். கைக்குழந்தைக்குக் கேட்டால் மறுத்துவிடுங்கள். கர்ப்பிணிகளுக்கு எண்ணெய் சேர்க்காமல் தண்ணீரில் கலந்ததே போதும்.

ஆர்டரை மணப்பெண்ணிடமிருந்து தொடங்காதீர்கள். கல்யாண வீட்டில் விருந்தாளிகளுக்கு அரபிக் கொடி போடுங்கள். கைக்குப் பத்து நிமிடத்தில் முடிகிறதா பாருங்கள். அனுபவமுள்ள ஒருவரிடம் உதவியாளராகச் சேர்ந்து ஃபில்லிங் மட்டும், அதாவது அவர் போட்ட வெளிக்கோட்டுக்குள் நிரப்பும் வேலையை மட்டும், செய்வது அதைவிட நல்லது. முழங்கை வரை இரு பக்கமும் என்றால் தேர்ந்தவர்களுக்கே நாலைந்து மணி நேரம் பிடிக்கும். தோழி ஒருத்தியின் இரு கையிலும் அந்த முழு டிசைனைப் போட்டு, கடைசி விரலின் கோடும் முதல் விரலின் கோடும் ஒரே தடிமனில் வந்தால் பிரைடல் ஆர்டருக்கு விலை சொல்லலாம். நேரம், கோன், போக்குவரத்து மூன்றையும் கூட்டிச் சொல்லுங்கள்.