ஜூலிக்கு இப்போதே ஆபரேஷன் வேண்டுமா?

மதுரையிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "எங்கள் வீட்டில் ஜூலி என்று ஒரு லாப்ரடார் பெட்டை. 9 மாதம் ஆகிறது, 24 கிலோ இருக்கிறாள், இன்னும் ஹீட்டுக்கு வரவில்லை. கூடவே மணி என்று ஒரு கடுவன். தெருவிலிருந்து குட்டியாக எடுத்து வளர்த்த நாட்டு நாய், 3 வயது. ஜூலிக்குக் கருத்தடை ஆபரேஷன் உடனே செய்துவிடலாம் என்கிறார் டாக்டர். 'ஒரு தடவையாவது குட்டி போடட்டும், இல்லாவிட்டால் பாவம்' என்கிறார் என் மாமியார். சீக்கிரம் செய்தால் மூட்டு போய்விடும் என்று யூடியூபில் சொல்கிறார்கள். யார் பேச்சைக் கேட்பது?"

முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன். ஜூலிக்கு ஆபரேஷன் செய்யுங்கள், ஆனால் இப்போது வேண்டாம். முதல் ஹீட் (பெட்டை இணை சேரத் தயாராகும் காலம்) வந்து போகட்டும். அது முடிந்து மூன்று மாதம் கழித்துச் செய்யலாம். மணிக்கு மட்டும் தள்ளிப்போடாதீர்கள், இந்த மாதமே செய்துவிடுங்கள். நீங்கள் மணியைப் பற்றிக் கேட்கவே இல்லை. உங்கள் வீட்டில் அவசரம் அவனுக்குத்தான்.

ஜூலிக்குக் கட்டாயம் செய்யச் சொல்வதற்கு முக்கியக் காரணம் கருப்பையில் சீழ் பிடிக்கும் நோய். டாக்டர்கள் பயோமெட்ரா என்பார்கள். பெட்டை நாய் ஒவ்வொரு முறை ஹீட்டுக்கு வந்து போன பிறகும், இணை சேர்ந்திருந்தாலும் சேராவிட்டாலும், ஏறக்குறைய இரண்டு மாதம் அதன் உடம்பில் புரோஜெஸ்டிரோன் என்னும் ஹார்மோன் அதிகமாகவே இருக்கும். கர்ப்பம் தரித்ததாக நினைத்துக்கொண்டு கருப்பையின் உட்சுவர் தடித்துக்கொண்டே போகும். ஹீட்டின்போது கருப்பை வாய் திறந்திருப்பதால் உள்ளே நுழைந்துவிட்ட கிருமிகளுக்கு அது நல்ல விளைநிலம். ஒரு ஹீட்டில் ஒன்றும் ஆகாமல் போகலாம், பத்தாவது ஹீட்டில் ஆகலாம். ஸ்வீடனில் காப்பீடு செய்த நாய்களை வைத்துக் கணக்கெடுத்தபோது, ஆபரேஷன் செய்யாத பெட்டைகளில் ஏறக்குறைய நான்கில் ஒன்றுக்குப் பத்து வயதுக்குள் இந்த நோய் வந்திருந்தது.

ஒரு சித்திரை மாதம் என்னிடம் 8 வயது ஸ்பிட்ஸ் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். ஒரு வாரமாகத் தண்ணீர் குடித்துக்கொண்டே இருக்கிறது, வெயிலுக்குத்தான் என்று நினைத்தோம் என்றார்கள். மதுரை வெயிலில் யாரும் அப்படித்தான் நினைப்பார்கள். ரத்தமோ சீழோ வெளியே வரவில்லை, ஏனென்றால் கருப்பை வாய் மூடியிருந்தது. மூடிய வகைதான் ஆபத்தானது. கடைசி ஹீட் எப்போது என்று கேட்டேன். ஒன்றரை மாதம் முன்பு என்றார்கள். ஸ்கேன் எடுக்கும்போதே தெரிந்துவிட்டது. அன்று இரவே வயிற்றைத் திறந்தோம். மறுநாள் விடியும் முன் அது போய்விட்டது. அந்த வீட்டுப் பெரியவர் கேட்டது ஒரே கேள்விதான்: "ரெண்டு வயசுல செஞ்சிருந்தா இது வந்திருக்காதா?" வந்திருக்காது. கருப்பையும் சினைப்பையும் இல்லாத நாய்க்கு இந்த நோய் வர வழியில்லை.

அதனால் ஆபரேஷன் செய்யாத பெட்டை வளர்ப்பவர்கள் எல்லோருக்கும் சொல்கிறேன். ஹீட் முடிந்து ஒன்றிரண்டு மாதத்துக்குள் நாய் வழக்கத்துக்கு மேல் தண்ணீர் குடித்தால், அடிக்கடி சிறுநீர் போனால், சோற்றை முகர்ந்துவிட்டுத் திரும்பினால், அன்றைக்கே டாக்டரிடம் போங்கள். நாளைக்குப் பார்க்கலாம் என்று விடாதீர்கள்.

இரண்டாவது காரணம் மடிக்கட்டி. 1969-ல் அமெரிக்காவில் வந்த ஓர் ஆய்வை இன்றும் எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். ஆபரேஷனே செய்யாத பெட்டைக்கு மடிப் புற்று வரும் வாய்ப்பை 100 என்று வைத்துக்கொண்டால், முதல் ஹீட்டுக்கு முன்பே செய்தால் அது 0.5, ஒரு ஹீட்டுக்குப் பிறகு 8, இரண்டுக்குப் பிறகு 26 என்றது அது. உங்கள் டாக்டர் உடனே செய்யலாம் என்பது இதை மனதில் வைத்துத்தான் இருக்கும். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் 2012-ல் பழைய ஆய்வுகளை எல்லாம் சேர்த்துப் பரிசீலித்தவர்கள், இந்தக் கணக்குக்குப் பின்னால் உள்ள ஆதாரம் வலுவானதல்ல என்று சொல்லிவிட்டார்கள். சீக்கிரம் செய்தால் மடிக்கட்டி குறையும் என்பதை நானும் நம்புகிறேன். ஆனால் அந்த எண்களைக் கல்லில் எழுதியதாக எடுத்துக்கொள்வதில்லை.

அப்படியானால் ஏன் காத்திருக்கச் சொல்கிறேன்? ஜூலி லாப்ரடார் என்பதால். யூடியூபில் நீங்கள் கேட்டது கட்டுக்கதை இல்லை. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் ஒரு குழு, ஆபரேஷன் செய்த வயதையும் பிறகு வந்த நோய்களையும் இனம் வாரியாக ஒப்பிட்டுப் பார்த்தது. 2013-ல் கோல்டன் ரெட்ரீவரில் தொடங்கி, 2020-ல் 35 இனங்களுக்கு முடிவுகளை வெளியிட்டது. பெட்டை லாப்ரடாருக்கு ஒரு வயதுக்குள் ஆபரேஷன் செய்தால் இடுப்பு, முழங்கால் மூட்டுப் பிரச்சினைகள் ஏறக்குறைய இரு மடங்காகின்றன என்பது அதில் தெரிந்தது. எலும்பின் வளர்ச்சியை நிறுத்தச் சொல்லும் ஹார்மோன் சினைப்பையிலிருந்து வருகிறது. அதை முன்கூட்டியே எடுத்துவிட்டால் நீள எலும்புகள் நிற்க வேண்டிய இடத்தில் நிற்காமல் கொஞ்சம் கூடுதலாக வளர்ந்துவிடும், மூட்டின் கோணம் மாறும். ஜெர்மன் ஷெப்பர்டுக்கும் இதே கதைதான். பக், ஷிட்ஸு போன்ற சின்ன நாய்களிடம் இந்த வித்தியாசம் தெரியவில்லை. ஜூலி ஒரு பக்காக இருந்திருந்தால் உங்கள் டாக்டர் சொன்னதையே நானும் சொல்லியிருப்பேன்.

ஆக, ஒரு பக்கம் மடிக்கட்டி, இன்னொரு பக்கம் மூட்டு. என் தீர்ப்பு 12 முதல் 15 மாதத்துக்குள், முதல் ஹீட்டுக்குப் பிறகு, இரண்டாவது ஹீட்டுக்கு முன்பு. வேறொரு டாக்டர் ஒன்றிரண்டு மாதம் முன்னே பின்னே சொல்லலாம், அதில் தவறில்லை.

ஆனால் இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. அந்த முதல் ஹீட்டின் மூன்று வாரமும் ஜூலியை உங்களால் காவல் காக்க முடிய வேண்டும். பலரும் ஏமாறும் இடம் ஒன்று இருக்கிறது. முதல் எட்டு ஒன்பது நாள் ரத்தம் வரும், கடுவன் கிட்டே வந்தால் பெட்டை சீறும். அப்புறம் ரத்தம் வெளிறிக் குறைந்துவிடும். முடிந்துவிட்டது என்று அவிழ்த்துவிடுவார்கள். உண்மையில் அது இணை சேரச் சம்மதிப்பதே அப்போதுதான். ரத்தம் தெரிந்த முதல் நாளிலிருந்து 21 நாள் முழுதாக எண்ணுங்கள். மொட்டை மாடியும் காம்பவுண்ட் சுவரும் போதும் என்று நினைக்காதீர்கள், ஆறடிச் சுவர் ஏறி வந்த தெருக் கடுவன்களை நான் பார்த்திருக்கிறேன். வாசலுக்குக் கூட்டிப்போனாலும் சங்கிலியில்தான். இதெல்லாம் நடக்காது, வீட்டில் எல்லோரும் வேலைக்குப் போகிறவர்கள் என்றால், தயங்காமல் இப்போதே செய்துவிடுங்கள். வேண்டாத ஏழெட்டுக் குட்டிகளைவிட மூட்டு வலி வரக்கூடிய சாத்தியம் சின்ன விஷயம்தான்.

எப்படியோ இணை சேர்ந்துவிட்டால் 'கலைக்கிற ஊசி' தேடி அலையாதீர்கள். ஈஸ்ட்ரோஜன் ஊசி எலும்பு மஜ்ஜையைக் கெடுக்கும், பயோமெட்ராவையும் கொண்டுவரும். ஹீட்டே வராமல் தடுக்க ஊசி போடுகிறேன் என்று யாராவது சொன்னாலும் மறுத்துவிடுங்கள். அதில் இருப்பதும் புரோஜெஸ்டிரோன் வகை மருந்துதான். எந்த நோயைத் தடுக்க நினைக்கிறோமோ அதற்கே வழி செய்யும்.

இனி உங்கள் மாமியார். அவர் சொல்வதில் கருணை இருக்கிறது, அதை அலட்சியம் செய்யாதீர்கள். ஒரு உயிருக்குத் தாய்மையை மறுப்பது பாவம் என்று நம் வீடுகளில் பெரியவர்கள் நினைப்பது இயல்பு. ஆனால் ஒரு முறை குட்டி போட்டால் பெட்டைக்கு ஆரோக்கியம் என்பதற்கு மருத்துவத்தில் எந்த ஆதாரமும் இல்லை. குட்டி போட்ட நாய்க்கும் சீழ் பிடிக்கும். சினைக்காலம் ஏறக்குறைய 63 நாள். லாப்ரடார் ஏழு எட்டு குட்டிகள்கூடப் போடும், குட்டி வெளியே வராமல் சிசேரியன் வரை போவதும் உண்டு. பாலூட்டும்போது சுண்ணாம்புச் சத்து குறைந்து வலிப்பு வரும் பெட்டைகளும் இருக்கின்றன. அப்புறம் அந்தக் குட்டிகள்? முதல் இரண்டு குட்டிகளைச் சொந்தக்காரர்கள் ஆசையாக வாங்கிப் போவார்கள். ஆறாவது ஏழாவது குட்டி எங்கே போகும் என்று மாமியாரிடம் கேளுங்கள். அவரே யோசிப்பார்.

சரி, மணிக்கு வருவோம். ஜூலி ஹீட்டுக்கு வருவது எந்த வாரமும் நடக்கலாம். அதற்கு முன் அவனுக்கு முடித்தாக வேண்டும், ஏனென்றால் விதை எடுத்த பிறகும் நாலைந்து வாரம் வரை கடுவனிடம் விந்தணுக்கள் மிச்சம் இருக்கலாம். அதுவரை இருவரையும் தனித்தனி அறையில் வைக்க வேண்டியிருக்கும். அவன் வளர்ந்து முடித்தவன், மூட்டைப் பற்றிய கவலை இல்லை.

மணி தெருவுக்குப் போய்வருபவனாக இருந்தால் இன்னொரு காரணமும் உண்டு. நம் ஊர்த் தெருநாய்களிடம் இணை சேரும்போது தொற்றும் கட்டி ஒன்று சாதாரணமாகக் காணப்படுகிறது, டி.வி.டி. (TVT) என்பார்கள். புற்றுச் செல்களே ஒரு நாயிடமிருந்து இன்னொரு நாய்க்கு ஒட்டிக்கொள்ளும் விசித்திர நோய் இது. பிறப்புறுப்பில் காலிஃபிளவர் போலச் சதை வளர்ந்து ரத்தம் சொட்டும். முகர்வதாலும் நக்குவதாலும் மூக்குக்குள்கூட வரும். வாரம் ஒரு முறை வின்கிரிஸ்டின் ஊசி போட்டால் பெரும்பாலும் குணமாகிவிடும் என்பது ஆறுதல். பெட்டையைத் தேடி ஊர் சுற்றுவதும், போகிற இடமெல்லாம் காலைத் தூக்கி அடையாளம் வைப்பதும், கடுவன்களோடு சண்டைக்குப் போவதும் ஆபரேஷனுக்குப் பிறகு பெரும்பாலும் குறையும்.

ஆனால் கடிக்கிற பழக்கம் போய்விடும் என்று எதிர்பார்த்துச் செய்யாதீர்கள். பயத்தில் கடிக்கும் நாய், ஆபரேஷனுக்குப் பிறகும் பயத்தில் கடிக்கும், சில நாய்களிடம் பயம் கூடியதையும் பார்த்திருக்கிறோம். காவல் குணம் போய்விடுமோ என்ற கவலையும் வேண்டாம். வாசலில் ஆள் வந்தால் மணி குரைக்கத்தான் போகிறான்.

ஆபரேஷனுக்கு முன் ஒரே ஒரு விஷயத்தில் பிடிவாதமாக இருங்கள்: ரத்தப் பரிசோதனை. நம் ஊரில் உண்ணிக் காய்ச்சல் இல்லாத தெரு இல்லை. எர்லிக்கியா என்னும் கிருமி உண்ணி வழியாக ரத்தத்தில் புகுந்து, வெளியே எந்த அறிகுறியும் காட்டாமல் பிளேட்லெட்டுகளைக் குறைத்துவிடும். நாய் வாலாட்டிக்கொண்டு சாப்பிடும், ஆனால் கத்தி வைத்தால் ரத்தம் உறையாது. பிளேட்லெட் எண்ணிக்கை குறைவாக இருந்தால் முதலில் டாக்ஸிசைக்ளின் மருந்து, பிறகுதான் ஆபரேஷன். ஆபரேஷன் ஆகி நாய் இறந்துவிட்டது என்று ஊரில் கேள்விப்படும் கதைகளில் சில இப்படித் தடுத்திருக்கக் கூடியவை. யார் செய்தாலும், ட்ரிப்ஸ் ஏற்றுவார்களா, மயக்கத்தின்போது கூடவே ஒருவர் இருந்து கவனிப்பாரா, வலிக்கு ஊசி உண்டா என்று கூச்சப்படாமல் கேளுங்கள். நல்ல டாக்டர் இந்தக் கேள்விகளுக்குக் கோபப்பட மாட்டார். தனியார் கிளினிக்கின் செலவு கையைக் கடித்தால் மாவட்ட அரசு கால்நடைப் பன்முக மருத்துவமனையில் விசாரியுங்கள். சென்னை வேப்பேரி, நாமக்கல், திருநெல்வேலி, ஒரத்தநாடு கால்நடைக் கல்லூரிகளின் மருத்துவமனைகளும் இருக்கின்றன.

வீட்டுக்கு வந்த பிறகு செய்ய வேண்டியது அதிகமில்லை. தையலை நக்கவிடாமல் கழுத்தில் கூம்பு காலர், 10 முதல் 14 நாள் வரை. பாவமாக இருக்கிறது என்று கழற்றினால் ஒரே இரவில் தையலைப் பிரித்துவிடும். ஓட்டம், மாடிப்படி, குளியல் எதுவும் இரண்டு வாரத்துக்கு வேண்டாம். வீட்டில் இருக்கும் பாராசிட்டமாலோ புரூஃபெனோ ஒருபோதும் கொடுக்காதீர்கள். மனிதர்களின் வலி மாத்திரை நாயின் கல்லீரலையும் சிறுநீரகத்தையும் அழித்துவிடும்.

ஆபரேஷனின் கெடுதல்களையும் சொல்லியாக வேண்டும். ஜூலி அளவுள்ள பெட்டைகளில் சில, மாதங்களோ வருடங்களோ கழித்துத் தூக்கத்தில் சிறுநீர் கசிய விடும். மருந்தில் பெரும்பாலும் கட்டுப்படும். எனக்கு ஜூலியைப் பற்றிய பெரிய கவலை எடைதான். ஆபரேஷனுக்குப் பின் உடம்பின் தேவை குறையும், பசி கூடும். அதிலும் லாப்ரடார். 2016-ல் கேம்பிரிட்ஜ் ஆராய்ச்சியாளர்கள் ஒரு மரபணுக் குறைபாட்டைக் கண்டுபிடித்தார்கள், ஏறக்குறைய நான்கில் ஒரு லாப்ரடாரிடம் அது இருக்கிறது. இருந்தால் ஒரு வேளைக்கும் அடுத்த வேளைக்கும் இடையில் பசி அதிகமாக எடுக்கும். ஆபரேஷன் ஆன முதல் மாதத்திலிருந்தே தினசரி அளவில் கால் பங்கு குறைத்துவிடுங்கள். சோற்றைக் குறைத்து, கோழியும் வேகவைத்த காயும் வையுங்கள். மாலை பிஸ்கட்டை நிறுத்துங்கள். மூட்டுக்காக நாலைந்து மாதம் காத்திருந்துவிட்டு, நாயை 38 கிலோ ஆக்கினால் காத்திருந்ததற்குப் பலனே இல்லாமல் போகும். விலா எலும்பு கண்ணுக்குத் தெரியக்கூடாது, தடவினால் கைக்குத் தெரிய வேண்டும்.

இதைப் படிக்கும் சிப்பிப்பாறை, கன்னி, ராஜபாளையம், கோம்பை வளர்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நல்ல வம்சாவளியும் திடமான உடம்பும் உள்ள ஒரு ஜோடி உங்களிடம் இருந்து, பொறுப்பாகக் குட்டி எடுக்கத் தெரிந்தால், ஆபரேஷன் செய்யச் சொல்லி உங்களை நான் வற்புறுத்த மாட்டேன். அந்த இனங்கள் நிலைக்க வேண்டும் என்று விரும்புகிறவன் நான். செய்வதாக முடிவெடுத்தால், சிப்பிப்பாறை, கன்னி போன்ற கொழுப்பில்லாத ஒல்லி உடம்புகளுக்கு எந்த மயக்க மருந்து கொடுக்கப்போகிறார்கள் என்று முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். விதை ஒன்றோ இரண்டோ இறங்காமல் வயிற்றிலேயே தங்கிவிட்ட கடுவன் என்றால் மட்டும் எந்த இனமானாலும் எடுத்தே ஆக வேண்டும். உள்ளே தங்கிய விதை புற்றாக மாறும் வாய்ப்பு அதிகம், அந்தக் குறை குட்டிகளுக்கும் போகும்.

ஜூலிக்கு முதல் முறை ரத்தம் தெரிந்த தேதியைக் காலண்டரில் வட்டமிடுங்கள். அதிலிருந்து 21 நாள் காவல். அப்புறம் மூன்று மாதம் எண்ணி ஆபரேஷனுக்கு நாள் வாங்குங்கள். அதற்கு முன்பே செய்தால் கருப்பையின் ரத்தக் குழாய்கள் பருத்திருக்கும், ரத்தப்போக்கு கூடும். இடையில் அவள் மடியில் பால் கட்டினாலோ, பொம்மையைக் குட்டிபோல் காத்துக்கொண்டு உட்கார்ந்தாலோ பயப்படாதீர்கள், அது பொய்ச்சினை. டாக்டரிடம் சொல்லி, அது முழுதாக அடங்கும் வரை தேதியைத் தள்ளி வையுங்கள்.