பண்டிகை முடியட்டும் என்று டயட்டை நிறுத்தி வைக்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 46, உயரம் 156 செ.மீ. மார்த்தாண்டம் பக்கத்தில் இருக்கிறேன். சர்க்கரை நோய்க்கு மெட்ஃபார்மினும் கிளிமெப்பிரைடும் எடுக்கிறேன். பிப்ரவரியில் 79 கிலோ இருந்தேன். உணவு ஆலோசகர் எழுதித் தந்தபடி சாப்பிட்டு, தினமும் நடந்து, ஆகஸ்டில் 71.5 கிலோவுக்கு வந்தேன். ஓணத்துக்குப் பாறசாலையில் அக்கா வீட்டில் ஐந்து நாள் இருந்துவிட்டு வந்து பார்த்தால் 73.5. மனசு விட்டுப்போய் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டேன். இப்போது 75. கிறிஸ்மஸுக்கு முந்தைய 25 நோன்பு இருக்கிறேன். கணவர் 20-ம் தேதி துபாயிலிருந்து வருகிறார். கிறிஸ்மஸ், மூன்று கல்யாணம், அப்புறம் பொங்கல். தை பிறந்த பிறகு டயட்டை ஆரம்பித்தால் போதுமா? இல்லை, ஒவ்வொரு விருந்துக்கும் முன்னால் இரண்டு நாள் பழம் மட்டும் சாப்பிட்டு ஈடுகட்டலாமா? வெந்நீரில் தேனும் எலுமிச்சையும் கலந்து குடித்தால் கொழுப்பு கரையும் என்கிறார்களே, உண்மையா?

பதில்: சகோதரி, தை வரை தள்ளிப்போட வேண்டாம். அதே சமயம், இந்த நாட்களில் எடையைக் குறைத்தே தீர வேண்டும் என்றும் நினைக்காதீர்கள். இப்போது 75 என்றால் பொங்கல் கழிந்த பிறகும் 75 இருக்கட்டும். பண்டிகைக் காலத்துக்கு அந்த இலக்கே போதும்.

ஓணத்தில் ஏறிய அந்த 2 கிலோவைப் பற்றி முதலில் பேச வேண்டும். உங்களை மனம் தளர வைத்தது அந்த எண்தான். உடம்பில் ஒரு கிலோ கொழுப்பு சேர ஏறக்குறைய 7,700 கலோரி கூடுதலாக உள்ளே போக வேண்டும். ஐந்து நாளில் 2 கிலோ கொழுப்பு என்றால், வழக்கமான சாப்பாட்டுக்கு மேல் தினமும் 3,000 கலோரி. எத்தனை பாயசம் குடித்தாலும் அது லேசில் நடக்காது. சோறும் இனிப்பும் கூடும்போது மாவுச்சத்தை உடம்பு கிளைகோஜனாக்கிக் கல்லீரலிலும் தசையிலும் சேர்த்து வைக்கிறது. ஒரு கிராம் கிளைகோஜனோடு சுமார் 3 கிராம் தண்ணீரும் தங்கும். பப்படம், ஊறுகாய், ஏத்தங்காய் சிப்ஸ் என்று உப்பும் ஏறினால் இன்னும் கொஞ்சம் நீர். நீங்கள் பார்த்ததில் பெரும்பகுதி இந்த நீர்தான். பழைய சாப்பாட்டுக்குத் திரும்பியிருந்தால் ஒரு வாரத்துக்குள் தானாக இறங்கியிருக்கும். மனசு விட்டு நிறுத்திய பிறகு ஏறியதுதான் நிஜமான எடை. அப்படியும் பிப்ரவரியைவிட 4 கிலோ குறைவாகவே இருக்கிறீர்கள். அது 5 சதவீதம். சர்க்கரையும் ரத்த அழுத்தமும் மேம்படத் தொடங்கும் அளவு அது. எல்லாம் போயிற்று என்று தயவுசெய்து நினைக்காதீர்கள்.

இரண்டு நாள் பழம் மட்டும் என்ற யோசனையை இன்றே விட்டுவிடுங்கள். மெட்ஃபார்மின் மட்டும் எடுப்பவருக்குச் சர்க்கரை அபாய அளவுக்கு இறங்குவது அபூர்வம். கிளிமெப்பிரைடு அப்படியில்லை. நீங்கள் சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் அது இன்சுலினைச் சுரக்க வைக்கும். மாத்திரையைப் போட்டுவிட்டுப் பட்டினி கிடந்தால் கை நடுக்கம், வியர்வை, படபடப்பு, கண் இருட்டல் என்று போய், மயங்கி விழவும் கூடும். வெறும் வயிற்றில் வீட்டு முந்திரி (திராட்சை) வைன் குடித்தாலும் இதே ஆபத்து உண்டு. அந்த மாதிரி வந்தால் உடனே மூன்று டீஸ்பூன் சீனியைத் தண்ணீரில் கலக்கிக் குடியுங்கள், பிறகு ஏதாவது சாப்பிடுங்கள். நோன்பில் ஒரு வேளையை விடுவதாக இருந்தால், மாத்திரையை எப்படி மாற்றுவது என்று உங்களைப் பார்க்கும் மருத்துவரிடம் கேட்டுவிட்டே செய்யுங்கள்.

நோன்பிலேயே இன்னொரு சங்கதி இருக்கிறது. மீனும் முட்டையும் நிற்கிற இடத்தில் நம் வீடுகளில் சோறும் மரச்சீனிக் கிழங்கும் பப்படமும் வந்து உட்கார்ந்துகொள்கின்றன. புரதம் குறைந்தால் சீக்கிரம் பசிக்கும். கஞ்சியும் பயறும் அருமையான நோன்புச் சாப்பாடு. கஞ்சியைப் பாதியாக்கிப் பயறை இரட்டிப்பாக்குங்கள். மதியம் கொண்டைக்கடலையோ பருப்போ ஒரு கிண்ணம் நிறைய இருக்கட்டும்.

இனி விருந்துக்கு வருவோம். கணவர் வருவதிலிருந்து பொங்கல் வரை ஏறக்குறைய எண்பது வேளை சாப்பிடுவீர்கள். அதில் பெரிய விருந்து ஏழெட்டு வேளைதான். கிறிஸ்மஸ் காலை ஆப்பமும் கறியும் சாப்பிட்டதால் யாரும் குண்டாவதில்லை. நான் பார்த்தவரை, எடையை ஏற்றுவது அடுக்களையில் இருக்கிற டின். முந்திரிக்கொத்தும் அச்சு முறுக்கும் டிசம்பர் முதல் வாரமே சுட்டாயிற்று என்றால், கிறிஸ்மஸ் பாட்டுப் பாடிக் கேரல் ரவுண்ட்ஸ் வருகிறவர்களுக்கென்று எடுத்து வைத்ததில் காலைச் சாயாவோடு இரண்டு, மாலைச் சாயாவோடு இரண்டு, ராத்திரி பாத்திரம் ஒதுக்கும்போது ஒன்று என்று கை தானாகப் போகும். பயறும் கருப்பட்டியும் தேங்காயும் உருட்டி எண்ணெயில் பொரித்த ஒரு முந்திரிக்கொத்து ஏறக்குறைய 100 கலோரி. ஐந்து என்றால் 500. வேகமாக ஒன்றரை மணி நேரம் நடந்தாலும் அது முழுதாகச் செலவாகுமா என்பது சந்தேகம். இதை யாரும் விருந்தென்று கணக்கு வைப்பதும் இல்லை.

அதனால் பலகாரத்தை 22, 23-ம் தேதிகளில், வழக்கத்தில் பாதி அளவு சுடுங்கள். அக்கம்பக்கத்துக்கும் ஆலயத்துக்கும் கொடுப்பதை அன்றே பொட்டலம் போட்டுவிடுங்கள். மிச்சத்தை மேல் தட்டில், மூடிய எவர்சில்வர் டின்னில் வையுங்கள், மேஜை மேல் கண்ணாடி ஜாடியில் வேண்டாம். துபாய் பெட்டியில் வரும் சாக்லேட்டுக்கும் இதேதான். அதற்குப் பதில் பாதாம் வாங்கிவரச் சொல்லுங்கள், ஆனால் ஒரு நாளைக்கு ஒரு சின்னக் கைப்பிடி போதும்.

கல்யாண இலையில் முதல் சோற்றைப் பாதியாகச் சொல்லி வாங்குங்கள். அவியல், துவரன், பச்சடியை நன்றாகச் சாப்பிடுங்கள். பாயசம் மூன்று வகை வரும். பிடித்த ஒன்றை ஒரு கரண்டி வாங்கி ருசித்துக் குடியுங்கள், மற்ற இரண்டுக்கும் கையை மறித்துவிடலாம். போளி வந்தால் பாயசமா போளியா என்று முடிவு செய்துகொள்ளுங்கள். புளிசேரிக்கும் ரசத்துக்கும் மறுசோறு வேண்டாம். சாப்பிட்டதும் பதினைந்து நிமிடம் மண்டபத்தைச் சுற்றி நடந்தால் சர்க்கரை ஏறுவது கண்கூடாகக் குறையும்.

பாறசாலை, நெய்யாற்றின்கரை என்று சொந்தக்காரர் வீடுகளுக்குப் போகும்போது சீனி போடாத கட்டஞ்சாயா (பால் விடாத டீ) கேளுங்கள். ஐந்து வீட்டுச் சாயாவில் இரண்டு ஸ்பூன் வீதம் சீனி என்றால் அதுவே 200 கலோரி. “ஒரு துண்டு கேக்காவது எடு” என்று வற்புறுத்தினால் டாக்டர் வேண்டாம் என்றார் என்று தயங்காமல் என் தலையில் போடுங்கள்.

தேனைப் பற்றி. மார்த்தாண்டம் தேன் நல்ல தேன்தான், ஆனால் அது கொழுப்பைக் கரைக்காது. ஒரு மேஜைக்கரண்டி தேன் சுமார் 60 கலோரி, பெரும்பாலும் சர்க்கரை. உங்களுக்கு வேண்டாம். எலுமிச்சை பிழிந்த வெந்நீர் பிடித்தால் குடிக்கலாம்.

தராசைக் கண்டு ஒளியாதீர்கள். இங்கிலாந்தின் பர்மிங்காமில் 272 பேரிடம் கிறிஸ்மஸ் காலத்தில் நடத்திய ஓர் ஆய்வு 2018-ல் பிஎம்ஜே மருத்துவ இதழில் வந்தது. ஒரு பிரிவினரை வாரம் இரண்டு முறையாவது எடை பார்க்கச் சொல்லி, பண்டிகைப் பண்டங்களின் கலோரியைச் செலவழிக்க எவ்வளவு நடக்க வேண்டும் என்ற பட்டியலையும் கொடுத்தார்கள். சாதாரணக் கையேடு மட்டும் பெற்றவர்களைவிட இவர்கள் சராசரியாகச் சுமார் அரை கிலோ குறைவாக இருந்தார்கள். நீங்கள் புதனும் சனியும் காலையில், சாயா குடிக்கும் முன், கழிப்பறை போய்வந்து எடை பார்த்துச் சுவர் காலண்டரில் எழுதுங்கள். கல்யாணத்துக்கு மறுநாள் 76 காட்டினால் பதற வேண்டாம், ஏன் என்று இப்போது தெரியும். அடுத்தடுத்து இரண்டு முறை 76-க்கு மேல் காட்டினால் அந்த வாரம் ராத்திரிச் சாப்பாட்டில் சோறு, ஆப்பம் இரண்டையும் விட்டு மீனும் காய்கறியும் மட்டும் சாப்பிடுங்கள். அந்த நாட்களில் சர்க்கரையைச் சோதித்துக்கொள்வது நல்லது.

பொங்கல் கழிந்ததும், கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ஹெச்பிஏ1சி பரிசோதனை ஒன்று செய்துகொள்ளுங்கள். காலண்டரில் எழுதிய எடைகளையும் அந்த ரிப்போர்ட்டையும் எடுத்துக்கொண்டு உங்கள் மருத்துவரிடம் போங்கள். கிளிமெப்பிரைடு அளவைக் குறைக்க முடியுமா, எடையைக் கூட்டாத வேறு மாத்திரைக்கு மாறலாமா என்று நீங்களே கேளுங்கள்.