பிராண்டுப் பெயரைப் பதிவு செய்யாமல் ஆன்லைனில் விற்கலாமா?

சென்னிமலையில் தறி போட்டு நெய்யும் பெட்ஷீட்டுக்குச் சொந்தமாக ஒரு பெயர் வைத்து ஆன்லைனில் விற்கலாமா, பதிவு இல்லாவிட்டால் குற்றமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக விற்கலாங்க. பிராண்டுப் பெயர்களுக்கான வணிகக் குறிச் (டிரேட்மார்க்) சட்டம், 1999 பதிவைக் கட்டாயமாக்கவில்லை. பெயருக்குப் பக்கத்தில் 'டிஎம்' என்றும் போட்டுக்கொள்ளலாம். ஆனால் பதிவான பெயர் என்று காட்டும், வட்டத்துக்குள் ஆர் (®) குறியைப் பதிவு கிடைக்கும் முன் போடுவதுதான் குற்றம்.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. நாளைக்கு ஈரோட்டிலோ கரூரிலோ ஒருவர் அதே பெயரில் பெட்ஷீட் விற்றால், பதிவு இல்லாமலும் வழக்குப் போடலாம். ஆனால் அந்தப் பெயருக்குச் சந்தையில் நற்பெயர் இருந்தது, வாங்குபவர்கள் குழம்புகிறார்கள் என்று நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும். அதனால் முதல் பில், லேபிள் அச்சடித்த ரசீது, விளம்பரச் செலவுக் கணக்கு எதையும் தூக்கிப் போடாதீர்கள். அவர் பதிவே வாங்கிவிட்டாலும், அவருக்கு முன்பிருந்தே நீங்கள் தொடர்ந்து விற்றுவந்ததைக் காட்டினால் 34-ஆம் பிரிவு உங்களைக் காக்கும்.

அப்புறம், பெயர் வைக்கும் முன்பே வணிகக் குறிப் பதிவகத்தின் இணையதளத்தில் தேடிப் பாருங்கள். அங்கே தேடக் காசில்லை. பதிவுக்காகச் சரக்குகளை வகுப்பு வகுப்பாகப் பிரித்திருக்கிறார்கள்; பெட்ஷீட் 24-ஆம் வகுப்பு, திருப்பூர் பனியன் என்றால் 25. 'பவானி ஜமக்காளம்' போன்ற, அந்தந்த ஊர்ப் பொருளுக்கே உரிய புவிசார் குறியீட்டுப் பெயர்களை விசைத்தறிச் சரக்குக்கு ஒட்டவே வேண்டாம்.

தனிநபருக்கும் சிறு நிறுவனத்துக்கும் ஆன்லைன் விண்ணப்பக் கட்டணம் ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய். விற்பனை சூடுபிடித்தால் தள்ளிப்போடாமல் கட்டிவிடுவேன், நானாக இருந்தால். ஜிஎஸ்டி தனிக் கதை. அதற்கும் பிராண்டுப் பதிவுக்கும் சம்பந்தமில்லை.