முகத்தில் வந்து உட்காரும் பூச்சி

கேள்வி: ஓவியம் படிக்கிறேன். சில மாதங்களாக என் முகத்தையே வரைகிறேன். மனசு படபடக்கும் நாட்களில் கன்னத்திலும் இமையிலும் பூச்சிகள் வந்துவிடுகின்றன. "ஏண்டி இப்படி அருவருப்பா வரையிற?" என்கிறார் அம்மா. "பட்டாம்பூச்சி எல்லாரும் போடுறதுதானே" என்கிறார் ஆசிரியர். விட்டுவிடவா?
– வாசகி, கும்பகோணம்

பதில்: விடாதீர்கள். ஆனால் ஆசிரியர் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது.

ஸ்பெயின் ஓவியர் சல்வதோர் டாலிக்குச் சிறுவயதிலிருந்தே வெட்டுக்கிளி என்றால் உதறல். 1929-ல் தன் முகத்தைத் தரைநோக்கிக் கவிழ்த்து வரைந்தார். அந்த ஓவியம் இன்று மாட்ரிட்டின் ரெய்னா சோஃபியா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கண் மூடியிருக்கிறது. வாய் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு வெட்டுக்கிளி, அதன் வயிற்றில் எறும்புகள். அவர் கதை தெரியாதவருக்கும் புரியும்: கத்தக்கூட வழியில்லை. மெக்சிகோ ஓவியர் ஃபிரீடா காலோ 1940-ல் தீட்டிய தன்னுருவ ஓவியத்தில் பட்டாம்பூச்சிகள் கூந்தலில் அழகாகத்தான் இருக்கின்றன. கீழே முள்மாலை குத்திக் கழுத்தில் ரத்தம். அந்த ரத்தம் இல்லாவிட்டால் அது வெறும் அலங்காரம்.

உங்கள் பூச்சி எது? பலவற்றைக் குவிக்காமல் ஒன்றைப் பிடியுங்கள், அதன் பிழைப்பைத் தெரிந்துகொள்ளுங்கள். மழை விட்ட மாலையில் விளக்கைச் சுற்றும் ஈசலையே எடுங்களேன். காலையில் வாசலில் கிடக்கும் சிறகுகளைப் பார்த்துச் செத்துவிட்டது என்று நினைப்போம். பல்லிக்கும் பறவைக்கும் போனவைதான் அதிகம், உண்மை. ஆனால் சிறகை ஈசல் தானே கழற்றிப் போடுகிறது. முறிவதற்கென்றே அடியில் ஒரு கோடு உண்டு. தப்பியவை ஜோடி சேர்ந்து மண்ணுக்குள் போய்ப் புதுப் புற்றைத் தொடங்கும். உங்கள் தோளெலும்பின் மேல் நாலு சிறகு மட்டும், உடல் இல்லை. எப்படி இருக்கும்?

நிஜ அளவிலேயே வரையுங்கள். பெரிதாக்கினால் பேய்ப்பட போஸ்டர்தான். கால்களின் நிழல் தோலில் விழட்டும். இல்லையேல் ஸ்டிக்கர் பொட்டு மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கும்.

அம்மாவின் குரலில் இருப்பது பயம். அவரைப் பக்கத்தில் உட்காரவைத்து வரையுங்கள். தூக்கமும் சாப்பாடும் கெடுகிறதென்றால் ஓவியத்தை மட்டும் நம்பியிருக்கவேண்டாம். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416 இலவசம், தமிழிலேயே பேசலாம்.

அடுத்த படத்தை ஆசிரியரிடம் விளக்கம் எதுவும் சொல்லாமல் நீட்டுங்கள். அவர் கண் முதலில் எங்கே போகிறது என்று பாருங்கள்.