யாரோடு ஒப்பிட்டுச் சொன்னார்கள்?

அன்புள்ள அக்கா,

நான் தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் இருக்கிறேன். சனிக்கிழமைகளில் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். என் அக்கா மகனுக்கு 26 வயது. உம்லாங்காவில் ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் வேலைக்கு மனுப் போட்டான். நேர்காணல் நன்றாகப் போனது. அப்புறம் கணினியில் ஓர் ஆளுமைத் தேர்வு வைத்து, "குழுவோடு சேர்ந்து வேலை செய்யும் இயல்பு குறைவு, 20ஆவது சதமானம்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். தைப்பூசக் காவடிக்குக் கோயில் சமையற்கட்டையே கட்டி மேய்க்கிறவன் இந்தப் பையன்! மனசு விட்டுப்போய் இணையத்தில் இன்னொரு தேர்வு எழுதினான். அது நாலு எழுத்தைக் கொடுத்து "நீ பிறவித் தலைவன்" என்றது. அவனுடைய அப்பா போனதிலிருந்து ஓர் உளவியலாளரிடம் போய்வருகிறான். அவர் படங்களைக் காட்டிக் கதை சொல்லச் சொல்வாராம், நிறையப் பேசவிடுவாராம். "உனக்குள் ஆறாத துக்கம் இருக்கிறது" என்றாராம். ஒரே பிள்ளையைப் பற்றி மூன்று விதமாகச் சொன்னால் நாங்கள் எதை நம்புவது? என் பெயரைப் போட வேண்டாம்.

ஒரு சித்தி

அன்புள்ள தங்கைக்கு,

மூன்று இடத்திலும் கேட்ட கேள்வி வேறு வேறு. அதனால் விடையும் வேறாகத்தான் வரும். உங்கள் பையன் மூன்று ஆளாக மாறவில்லை, பயப்படாதீர்கள்.

நாலு எழுத்தை முதலில் ஒதுக்கிவிடுவோம். கார்ல் யுங் 1921-ல் எழுதிய ஆளுமை வகைகளை எடுத்துக்கொண்டு, முறையான உளவியல் பயிற்சி இல்லாத ஓர் அமெரிக்கத் தாயும் மகளும் உருவாக்கிய முறை அது. காதரின் பிரிக்ஸ், இசபெல் மையர்ஸ் என்று பெயர். பெரும்பாலான மனிதர்கள் கூச்சத்துக்கும் கலகலப்புக்கும் நடுவில் எங்கேயோ இருப்பவர்கள். இந்த முறையோ நடுவில் ஒரு கோடு போட்டு இந்தப் பக்கம் ஓர் எழுத்து, அந்தப் பக்கம் ஓர் எழுத்து என்று பிரித்துவிடுகிறது. கோட்டை ஒட்டி நிற்பவர் அடுத்த மாதம் எழுதினால் எழுத்து மாறிவிடலாம். அப்படியும் படிக்கிறவருக்கு "அட, நானேதான்" என்று தோன்றும். பெர்ட்ரம் ஃபோரர் என்ற உளவியலாளர் 1948-ல் தன் மாணவர்கள் 39 பேருக்குத் தேர்வு வைத்து, ஆளுக்கொரு குறிப்பு கொடுத்து, பொருத்தத்துக்கு ஐந்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போடச் சொன்னார். சராசரி 4.26 வந்தது. எல்லோர் கையிலும் இருந்தது ஒரே குறிப்பு. கடையில் விற்கும் ஜோதிடப் புத்தகத்திலிருந்து அவர் எடுத்தது.

நிறுவனம் வைத்த தேர்வை இப்படித் தள்ள முடியாது. அந்த வகைத் தேர்வுகளுக்குப் பின்னால் பெரிய உழைப்பு இருக்கிறது. 1936-ல் ஆல்போர்ட், ஓட்பர்ட் என்ற உளவியலாளர்கள் இருவரும் ஆங்கில அகராதியைப் புரட்டி மனிதர்களை விவரிக்கும் சொற்களைத் திரட்டினார்கள். கிட்டத்தட்ட 18,000 சேர்ந்தன. பின்னால் வந்தவர்கள் அவற்றைக் குறைத்து, புள்ளியியலால் தொகுத்து, ஐந்து பெரும் பண்புகளில் கொண்டுவந்து நிறுத்தினார்கள்: கலகலப்பு, இணக்கம், பொறுப்புணர்வு, மனக்கலக்கம், புதியதை ஏற்கும் மனம். பொறுப்புணர்வில் மேலே இருப்பவர்கள் சராசரியாக வேலையையும் நன்றாகச் செய்கிறார்கள் என்பது பலமுறை சோதித்துப் பார்த்த உண்மை. ஆனால் அந்தத் தொடர்பு சுமாரானது. பெருங்கூட்டத்தைப் பற்றிப் பேச அது போதும். அதை மட்டும் வைத்து ஒரு தனி ஆளின் முகத்தில் கதவைச் சாத்துவது நியாயமில்லை என்றுதான் நான் சொல்வேன்.

20ஆவது சதமானம் என்றால் என்ன? ஒப்பிடுவதற்கு எடுத்துக்கொண்ட கூட்டத்தில் நூற்றுக்கு எண்பது பேர் இவனைவிட மேலே மதிப்பெண் வாங்கியிருக்கிறார்கள் என்று பொருள். கூட்டத்தை மாற்றினால் எண்ணும் மாறும். லண்டன் மேலாளர்களா, ஜோஹன்னஸ்பர்க் பட்டதாரிகளா, டர்பனில் இதே வேலைக்கு மனுப் போட்டவர்களா? நீங்கள் நிறுவனத்திடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி இது.

கேள்விகளையும் கொஞ்சம் கிட்டப் போய்ப் பாருங்கள். "என் கருத்தை எல்லோர் முன்னாலும் தயங்காமல் சொல்வேன்" என்று ஒன்று வருகிறது என்று வையுங்கள். 'முற்றிலும் சரி' முதல் 'முற்றிலும் தவறு' வரை ஐந்து கட்டம். பெரியவர்கள் பேசும்போது வாய் திறக்கக் கூடாது என்று வளர்ந்த பையன் யோசிக்கிறான்: யார் முன்னால்? மாமா முன்னாலா, கூட்டாளிகள் முன்னாலா? திரையில் அதைச் சொல்ல இடமில்லை. நடுக்கட்டத்தை அழுத்திவிட்டு அடுத்ததற்குப் போகிறான். இப்படியே பத்து, இருபது கேள்வி போனால் மதிப்பெண் தானாக இறங்கிவிடும். சில தேர்வுகளில், நல்லவர் போல நடிக்கிறவரைப் பிடிக்கவே தனிக் கேள்விகள் உண்டு. 1943-ல் வந்த மினசோட்டா என்ற ஆளுமைத் தேர்விலேயே அவை இருந்தன. "நான் யாரையும் பற்றிப் புறம் பேசியதில்லை" என்பது மாதிரி. விரதம், நேர்த்தி என்று கட்டுப்பாடாக வளர்ந்த ஒருவர் உண்மையாகவே 'சரி' என்று போட்டாலும், எதையோ மறைக்கிறார் என்று கணக்கு சொல்லிவிடலாம்.

நம் நாட்டில் இது வெறும் நுட்பச் சிக்கல் மட்டுமா? நிறவெறி ஆட்சியில் வெள்ளையர்களை வைத்துத் தரப்படுத்திய தேர்வுகளை மற்றவர்களுக்கும் கொடுத்து ஆள் பிரித்தார்கள். ஆட்சி மாறிய பிறகும், 1990களில், கட்டெல் என்ற உளவியலாளர் உருவாக்கிய பதினாறு பண்புத் தேர்வை இங்கே ஆராய்ந்தபோது, ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாதவர்கள் பல கேள்விகளைச் சரியாக விளங்கிக்கொள்ளவில்லை என்று தெரிந்தது. அப்புறம்தான் எனக்கு மிகவும் பிடித்த முயற்சி வந்தது. தென்னாப்பிரிக்க ஆளுமைப் பட்டியல் என்ற திட்டத்தில், அப்போதைய 11 அதிகார மொழிகளிலும் 1,200க்கும் மேற்பட்டவர்களிடம் போய் உட்கார்ந்து, "உங்கள் பாட்டியைப் பற்றிச் சொல்லுங்கள், பக்கத்து வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று கேட்டு எழுதிக்கொண்டார்கள். சுமார் 50,000 விவரிப்புகள் கிடைத்தன. வெளிநாட்டு ஐந்தை அப்படியே இறக்காமல், சனங்கள் சொன்னதிலிருந்தே தொகுத்தார்கள். பிறரோடு எப்படி நடந்துகொள்கிறார், உறவைக் காப்பாற்றுகிறாரா, மனம் இளகுகிறவரா, சண்டையை விலக்குகிறாரா என்பவை மேலை நாட்டுப் பட்டியல்களில் இருப்பதைவிட இங்கே பெரிய இடம் பிடித்தன. நம் தமிழ் அந்தப் பதினொன்றில் இல்லை. அரசியலமைப்பு அதைப் பேணி வளர்க்க வேண்டிய மொழிகளில் ஒன்றாகத்தான் சொல்கிறது. இருந்தாலும் அந்தப் பட்டியலைப் படித்தபோது நம் வீட்டுத் திண்ணைப் பேச்சைக் கேட்ட மாதிரி இருந்தது எனக்கு.

சரி, உளவியலாளருக்கு வருவோம். படம் காட்டிக் கதை கேட்பது 1930களில் ஹென்றி மரே, கிறிஸ்டியானா மார்கன் கொண்டுவந்த முறை. வேலைக்கு ஆள் எடுக்க அது உதவாது. மதிப்பெண் போடுகிறவரைப் பொறுத்து விடை மாறும் என்ற குற்றச்சாட்டும் அதன்மேல் நெடுங்காலமாக உண்டு. ஆனால் அந்த அம்மாவோ ஐயாவோ அவனை யாரோடும் ஒப்பிடவில்லை. அப்பாவை இழந்த ஒரு பிள்ளை தன் வாழ்க்கையைத் தனக்கே எப்படிச் சொல்லிக்கொள்கிறான் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். டான் மக்ஆடம்ஸ் என்ற உளவியலாளர், பண்புகளை அளந்து முடித்தாலும் ஆள் இன்னும் அந்நியராகத்தான் இருப்பார், அவர் கதையைக் கேட்டால்தான் ஆளே தெரியும் என்கிறார். எனக்கும் அதே எண்ணம். அவன் அங்கே போவதை நிறுத்த வேண்டாம்.

உங்கள் சமையற்கட்டுச் சாட்சியத்துக்கும் மதிப்பு உண்டு. சிமின் வசீர் என்ற உளவியலாளர் 2010-ல் வெளியிட்ட ஆய்வில், பதற்றம் போன்ற உள்விஷயங்களை ஆள் தானே சரியாகச் சொல்கிறார், அறிவுக்கூர்மை போல தற்பெருமை கலக்கும் விஷயங்களில் நண்பர்கள் சொல்வதே சரியாக இருக்கிறது என்று தெரிந்தது. ஆனால் நீங்கள் சித்தி. பாசம் கண்ணை மறைக்கும். அதோடு, 1968-லேயே வால்டர் மிஷெல் என்ற உளவியலாளர் எச்சரித்தார்: ஓரிடத்தில் ஒருவர் நடந்துகொள்வதை வைத்து வேறோர் இடத்தில் எப்படி நடப்பார் என்று பெரிதாகக் கணிக்க முடியாது. கோயிலில் அண்டாவைச் சுற்றி அவன் பேச்சுக்குக் கட்டுப்படுகிறவர்கள் அவனைச் சிறுவயதிலிருந்து அறிந்தவர்கள். அலுவலகத்தில் முன்பின் தெரியாதவர்கள் நடுவில் அவன் வாயடைத்துப் போகலாம். அந்தச் சாத்தியத்தையும் மனதில் வையுங்கள்.

இனிச் செய்ய வேண்டியது. 1998-ன் வேலைவாய்ப்புச் சமத்துவச் சட்டம், 8ஆம் பிரிவு: உளவியல் தேர்வு வைப்பதானால் அது நம்பகமானது, செல்லுபடியாவது என்று அறிவியல்படி நிரூபிக்கப்பட்டிருக்க வேண்டும், எல்லோருக்கும் நியாயமாகப் பயன்படுத்தக்கூடியதாக இருக்க வேண்டும், எந்தக் குழுவுக்கும் எதிராகச் சாயக் கூடாது. மனுப் போட்டவர்களையும் சட்டம் காக்கிறது. தேர்வின் பெயர் என்ன, மதிப்பெண்ணை விளக்கியவர் பதிவுபெற்ற உளவியலாளரா, எந்தக் கூட்டத்தோடு ஒப்பிட்டார்கள், அந்த வேலைக்கும் இந்தப் பண்புக்கும் தொடர்பு என்று எதை வைத்துச் சொல்கிறார்கள் என்று எழுத்தில் கேட்கச் சொல்லுங்கள். பேசித் தீரவில்லை என்றால் ஆறு மாதத்துக்குள், வேலைத் தகராறுகளைத் தீர்த்துவைக்கும் ஆணையமான சிசிஎம்ஏவுக்குப் (CCMA) போகலாம். அடுத்த இடத்துக்கு மனுப் போடும்போது, காவடிச் சமையல் பொறுப்பை வாழ்க்கைக் குறிப்பில் எழுதட்டும்: எத்தனை பேருக்குச் சமையல், எத்தனை பேரை மேற்பார்த்தான் என்று. எல்லோரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டு ஒரே அளவில் மதிப்பெண் போடும் நேர்காணல், ஆளுமைத் தேர்வைவிட நன்றாகக் கணிக்கிறது. அங்கே இந்த விவரம் கைகொடுக்கும்.

நிறுவனத்திலிருந்து பதில் வந்தால் எனக்கு அனுப்புங்கள். சேர்ந்து படித்துப் பார்ப்போம்.

அன்புடன்,
அக்கா